கீசர் சுடவில்லையா? தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் பாருங்கள்

டிசம்பர் வந்துவிட்டால் பெங்களூரில் விடியற்காலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நம்மவர் வீடுகளில் கீசர் பழுதானது தெரியவருவதும் அப்போதுதான். உடனே கடைக்கு ஓடி, தண்ணீர் போதிய சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைப் புதிதாக வாங்கி வருகிறார்கள். பாதி வீடுகளில் பழையது நன்றாகத்தான் இருக்கும்.

கரண்ட் போகும் வழியை மனதில் வையுங்கள்: பிளக், அளவுக்கு மீறிச் சூடானால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட், தெர்மோஸ்டாட், கடைசியாகத் தண்ணீரைச் சூடாக்கும் காயில். பல மாடல்களில் சூடாகும்போது எரியும் விளக்கு காயிலோடு சேர்த்தே இணைக்கப்பட்டிருக்கும். அந்த விளக்கு அரை மணி நேரம் எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருந்தால் காயில் போயிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே விளக்கு எரியவில்லை என்றால் பழுது அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. டெஸ்டர் மட்டும் வைத்துப் பார்த்து "கரண்ட் வருதே" என்று முடிவு கட்டாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். மல்டிமீட்டரில் பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

காயிலைச் சோதிக்க, சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். காயிலின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் எரிந்துபோனது என்று அர்த்தம். அப்படியே டெர்மினல்களையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே ஸ்க்ரூ தளர்ந்து கருகியிருந்தால், காயிலை மாற்றியும் பயனில்லை.

சில நேரம் கீசரில் கோளாறே இருக்காது. 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட் காயிலுக்குச் சுமார் 21 நிமிடம் ஆகும். வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அதே காயில் 1500 வாட் அளவுதான் தரும், நேரமும் கூடும். இன்னொன்று மிக்ஸர் குழாய். அதன் உள்ளே பச்சைத் தண்ணீர் சூட்டு லைனில் கலந்துகொண்டிருக்கலாம். கீசரை அணைத்து, அதற்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, சூட்டுக் குழாயைத் திறங்கள். சற்று நேரத்தில் நிற்காமல் தொடர்ந்து வந்தால் பழுது குழாயில்தான்.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடும் பழக்கம் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டு தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதைத் தடுக்க இருப்பதே கட்-அவுட். அதை எடுத்துவிட்டால் கொதிக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கு சேஃப்டி வால்வு ஒன்றுதான் மிச்சம். உப்பு அடைத்து அதுவும் ஒட்டிப்போயிருந்தால் தொட்டி வெடிக்கலாம். கட்-அவுட் மறுபடியும் விழுந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள். இந்த இடத்தில் அதை மாற்றுவது சரியாக இருக்கலாம்.

ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்று எர்த் வயரைக் கழற்றுவதும் இதே வகை. காயிலின் உறை விரிசல் விட்டுக் கரண்ட் தண்ணீரில் கசிகிறது என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்கிறது. எர்த்தையும் எடுத்துவிட்டால், குளிப்பவர் உடம்பு வழியாகத்தான் அந்தக் கரண்ட் போகும். காயிலை மாற்றும்வரை கீசரைத் தொடாதீர்கள்.

கே.ஆர்.புரம், வைட்ஃபீல்டு போல போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் இடங்களில் காயில் மேல் வெள்ளையாக உப்பு படியும். அதனால் காயில் தன் சூட்டை வெளியே விட முடியாமல் எரிந்துபோகும். தொட்டியில் இருக்கும் உப்பைச் சுத்தம் செய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

புதுக் காயில் போட்டதும் அவசரப்பட்டு சுவிட்ச் போட வேண்டாம். தண்ணீர் இல்லாத தொட்டியில் அது ஓரிரு நிமிடத்திலேயே கருகிவிடும். சூட்டுக் குழாயைத் திறந்து வையுங்கள். காற்றெல்லாம் போய், தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகு பிளக்கைச் சொருகுங்கள்.