வாட் கணக்கை ஒரே சேவையில் வையுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கை பில்லிங், ஸ்டாக், ஆன்லைன் விற்பனை என்று தனித்தனியாக எழுதாமல் ஒரே சேவையாக, அதாவது தனியாக ஓடும் ஒரு புரோகிராமாக வையுங்கள். மற்றவை அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும். 2018 ஏப்ரல் 1-இல் வரி 14-லிருந்து 15 சதவீதமானது. 2025 மே 1 முதல் 15.5 என்று அறிவித்து, அமலாக ஒரு வாரம் இருக்கும்போது கைவிட்டார்கள். இப்படி மாறி மாறி வந்தாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அரிசி, பருப்புக்கு வரி பூஜ்யம் என்பதும் அங்கேயே இருக்கும். ரொம்ப முக்கியம், பில் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள்: பழைய சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதம்தான் வேண்டும்.

ஒரே கடை, ஒரே புரோகிராம் என்றால் இது தேவையில்லை, விகிதங்களை எழுதிய ஒரு டேபிள் (அட்டவணை) போதும். அப்புறம், நெட் போனாலும் பில் போட வேண்டிய கல்லாவில் கடைசி விகிதங்களின் நகல் இருக்கட்டும்.