கோல்ஃபைத் தொழிலாக ஏற்க நினைப்பவர்களுக்கு

கோல்ஃபைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் இளைஞர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பணத்துக்காக ஆடாத ‘அமெச்சூர்’ தகுதியை எப்போது விட்டுக்கொடுப்பது என்பதைத்தான். இந்தியாவில் ஆடவருக்கான தொழில்முறைச் சுற்றான பி.ஜி.டி.ஐ. (Professional Golf Tour of India) 2006-இல் உருவானது, அதில் இடம்பெற ‘கியூ ஸ்கூல்’ எனப்படும் தகுதிப் போட்டியில் தேறியாக வேண்டும். தொழில்முறை வீரராகிவிட்டால் அமெச்சூர் போட்டிகளில் ஆட முடியாது. பழைய தகுதி திரும்ப வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே, பழகிய மைதானத்தில் அடித்த நல்ல ஸ்கோர்களை மட்டும் நம்பி அவசரப்படாதீர்கள். தேசிய அளவிலான அமெச்சூர் போட்டிகளில், முன்பின் பார்த்திராத மைதானங்களிலும் தொடர்ந்து முன்வரிசையில் முடிக்கிறீர்கள் என்றால் மட்டுமே அந்த முடிவை எடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பணம். இத்தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. வழக்கமான போட்டி நான்கு நாட்களில் 72 குழிகளுக்கு நடக்கும். இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’ விழும். அமெரிக்காவின் தொழில்முறைச் சுற்றான பி.ஜி.ஏ. டூரில் பெரும்பாலான போட்டிகளில் முதல் 65 இடங்களில் இருப்பவர்களும், 65-ஆம் இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்பவர்களும் மட்டுமே மீதி இரண்டு நாட்கள் ஆடுவார்கள். கட்டைத் தாண்டாதவர் பொதுவாக வெறுங்கையுடன் ஊர் திரும்புவார். ஆனால் நுழைவுக் கட்டணம், பயணம், தங்கும் அறை, மட்டைப் பையைச் சுமந்து உதவும் ‘கேடி’யின் கூலி ஆகியவற்றை அவர் கொடுத்தே ஆக வேண்டும். முதல் பருவத்தில் பரிசுப் பணம் ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக்கொண்டு செலவுக் கணக்கைப் போடுங்கள். அந்தக் கணக்கு கையைக் கடிக்குமானால், போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது. கடன் வாங்கி அகலக்கால் வைத்தவர் குழியை நோக்கிப் பந்தைத் தள்ளும் ஒவ்வொரு ‘பட்’ அடியையும் வட்டியை நினைத்துக்கொண்டே ஆட நேரிடும்.

ஆதரவாளர்களைத் தேடும்போது, போட்டிக்கு முன் நடக்கும் ‘புரோ-ஆம்’ ஆட்டத்தை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். தொழிலதிபர்களும் நிறுவன அதிகாரிகளும் உங்களோடு சேர்ந்து ஆடும் அந்தச் சில மணி நேரத்தில், உங்கள் ஸ்கோரைவிட நீங்கள் பழகும் விதமே அவர்கள் மனத்தில் நிற்கும். உடன் ஆடுபவரின் பந்து புதருக்குள் போனால், நீங்களும் போய்த் தேடுங்கள்.

பயிற்சியைப் பொறுத்தவரை, தூரமாக அடிக்கும் ஆசை பலருடைய நேரத்தைத் தின்றுவிடுகிறது. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், தாயாரையே கேடியாக வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (அடியில்) பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அந்தப் போட்டியில் மிகக் குறைந்த தூரமே அடித்தவர்களில் அவரும் ஒருவர். அவரைக் கடைசிக் குழி வரை பதக்கப் போட்டியில் நிறுத்தியது பட்டிங்தான். ஆகவே பயிற்சி நேரத்தில் சரிபாதியையாவது, குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய ‘கிரீன்’ பரப்புக்கும் அதன் ஓரங்களுக்கும் ஒதுக்குங்கள். சரிவான இடத்தில் உள்ள குழியைச் சுற்றி, மூன்றடித் தொலைவில் நான்கு புறமும் பந்துகளை வைத்து வரிசையாக உள்ளே தள்ளுங்கள். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்குங்கள். மேட்டிலிருந்து தள்ளும் பந்தும் பள்ளத்திலிருந்து தள்ளும் பந்தும் எவ்வளவு வேறுபட்ட வேகத்தைக் கேட்கின்றன என்பதைக் கை இப்படித்தான் கற்றுக்கொள்ளும்.

ஆட்டம் முடிந்த பின் ஸ்கோர் கார்டில் கையெழுத்திடுவதும் வீரரின் வேலையே. அமெரிக்காவின் முக்கியப் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸில், 1968-ஆம் ஆண்டுப் போட்டியின் கடைசி நாளில், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை மூன்று ஸ்ட்ரோக்குகளில் முடித்தார். அவருடைய கார்டை எழுதிய சக வீரர் டாமி ஆரன் நான்கு என்று குறித்துவிட்டார். விசென்சோ அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டதால், குறைந்த ஸ்கோரே வெல்லும் இந்த ஆட்டத்தில், உண்மையான 65-க்குப் பதிலாக 66 நிலைத்தது. பாப் கோல்பியுடன், சமநிலையைத் தீர்க்கும் ‘பிளே-ஆஃப்’ ஆட வேண்டியவர் இரண்டாம் இடத்தோடு நின்றார். ஒரு குழிக்கு உண்மையைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அந்த எண்ணே நிலைக்கும், குறைவாக எழுதியிருந்தால் பொதுவாகத் தகுதிநீக்கம் என்ற விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. எனவே, களைப்போ கோபமோ எவ்வளவு இருந்தாலும், ஸ்கோர் பதிவிடத்தில் உட்கார்ந்து, 18 குழிகளின் எண்களையும் உங்கள் கார்டை எழுதியவரோடு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.