சாவியை வாங்குவதற்கு முன் அந்தப் பத்திரத்தைப் படியுங்கள்

சென்ற மாதம் ஓர் இளம் தம்பதியினர் தாங்கள் புதிதாக எடுத்த பப்பை (மதுவிடுதியை)ப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். லண்டன் புறநகரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல இடம். புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். மூலையில் பாட்டுக் கச்சேரிக்கு ஒரு சிறு மேடை, சமையலறையில் கொத்துரொட்டிக் கல். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மது விற்கும் அனுமதிப்பத்திரம் எங்கே தம்பி?" என்று கேட்டேன். பாரின் பின்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாளைக் காட்டினார். "இதுதான் அண்ணா."

அதுவல்ல. சுவரில் இருந்தது பகுதி பி என்கிற சுருக்கம் மட்டுமே. முழுப் பத்திரமான பகுதி ஏ, அவர்களுடைய சட்டத்தரணி அனுப்பிய மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2011இல் நானும் அவர் நின்ற இடத்தில்தான் நின்றேன். அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் நினைவில் இருக்கிறது.

18 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது, இளையவராகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒருநாள் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. பயிற்சியில் காதில் விழுந்தும் மனதில் பதியாதவற்றைத்தான் எழுதுகிறேன்.

நிபந்தனைகளைப் படிக்காமல் இடத்தை எடுப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003ஆம் ஆண்டின் மதுபான உரிமச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அனுமதிப்பத்திரம் இடத்தோடு ஒட்டியது. நீங்கள் பப்பை வாங்கிப் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றும்போது, பழைய உரிமையாளர் கொடுத்த வாக்குறுதிகளும் அவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் ஒன்று விடாமல் உங்கள் தலைக்கு வந்துவிடுகின்றன. பகுதி ஏயின் முதற்பக்கங்களில் பெயர், முகவரி, நேரங்கள் இருக்கும். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உயிர்நாடி பின்னால் இருக்கிறது. இணைப்பு 1 நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாய நிபந்தனைகள். இணைப்பு 2 விண்ணப்பித்தவர் தாமாகவே ஒப்புக்கொண்டவை. இணைப்பு 3 உள்ளூர்க் கவுன்சில் விசாரணை நடத்தி விதித்தவை. இணைப்பு 4 வரைபடம்.

இணைப்பு 3இல் ஒரு வரியாவது இருந்தால் அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று பொருள். என் பப்பின் இணைப்பு 3இல் ஒன்பது வரிகள் இருந்தன.

ஒன்பது ஆண்டுகள் மதுக்கடை நடத்திய அனுபவத்தோடுதான் அந்த பப்பை எடுத்தேன். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணி வரை திறக்கலாம் என்று முதற்பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன், கையெழுத்திட்டேன். வாசலில் காவலுக்கு எத்தனை பேர் தேவை என்று விற்றவரைக் கேட்டேன். "கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்றார். அவர் வாய்ச்சொல்லை நம்பினேன். கையில் இருந்த பத்திரத்தைப் புரட்டவில்லை.

ஏழாம் மாதம் ஒரு சனி இரவு, கதவுக்கு வெளியே நடைபாதையில் இரண்டு கூட்டத்தாருக்கு இடையே வாய்த்தகராறு. யாரோ ஒருவன் கண்ணாடிக் குவளையை வீச, ஓர் இளைஞனின் புருவம் கிழிந்தது. அம்புலன்ஸ் வந்தது, அவனை ஏற்றிக்கொண்டு போனது. நான் நடைபாதையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன், கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இருபதாம் நாள் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து அன்றைய கமராப் பதிவைக் கேட்டார். என் பதிவுக் கருவி 14 நாட்களை மட்டுமே வைத்திருக்கும். அதற்குப் பிறகு பழையதன் மேலேயே எழுதிவிடும். அவர் கோபப்படவில்லை. தன் கோப்பைத் திறந்து, என் அனுமதிப்பத்திரத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். இணைப்பு 3, நிபந்தனை 4: பதிவுகள் 31 நாட்கள் வைத்திருக்கப்பட வேண்டும். நிபந்தனை 5: வெள்ளி, சனி இரவு 9 மணி முதல் மூடும்வரை வாசலில் இரண்டு காவலர்கள். அன்றிரவு ஒருவர்தான் இருந்தார். நிபந்தனை 8: 10 மணிக்குப் பிறகு கண்ணாடிக் குவளைகளை வெளியே கொண்டுபோக விடக் கூடாது. என் இடத்தைப் பற்றிய என் பத்திரத்தை முதன்முதலாக இன்னொருவர் விரலால் தொட்டுக் காட்டத்தான் படித்தேன்.

நிபந்தனையை மீறி மது விற்பது அனுமதியே இல்லாமல் விற்பதற்குச் சமம் என்பது சட்டத்தின் 136ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது உச்சவரம்பில்லாத அபராதம், அல்லது இரண்டும். என்மீது வழக்குப் போடவில்லை. என் அனுமதிப்பத்திரத்தை மறுபரிசீலனை செய்யுமாறு பொலிஸார் கவுன்சிலைக் கேட்டார்கள். மறுபரிசீலனை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிர்நீலக் காகிதத்தில் ஓர் அறிவித்தல் உங்கள் இடத்தின் வெளியே 28 நாட்கள் தொங்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் அதை நின்று வாசிப்பார்கள். தம் கருத்தை யாரும் எழுதி அனுப்பலாம். பதினோரு பேர் எழுதியிருந்தார்கள்.

விசாரணையில் மூன்று கவுன்சிலர்கள் அமர்ந்திருந்தார்கள். மூன்று மாதம் வரை இடைநிறுத்தவோ முற்றாகப் பறிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எனக்கு நான்கு வாரம் மூடல்; அதன்பின் இரவு 11 மணிக்கே கடையடைப்பு. வார இறுதியின் பிந்திய இரண்டு மணி நேரத்தில்தான் என் வாடகை வந்துகொண்டிருந்தது. இரண்டு பணியாளர்களை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் அப்போதுதான் மனைவியை ஊரிலிருந்து அழைப்பித்திருந்தார்.

பணத்தை விடுங்கள். காயப்பட்ட பையனின் தாயார் அன்று பின்வரிசையில் அமர்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குவளையை வீசியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நான் ஒழுங்காக ஒரு பெரிய நினைவகத்தைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நிபந்தனைகளைக் கவுன்சிலின் தொந்தரவு என்று யாராவது என்னிடம் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது.

முற்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. அனுமதிப்பத்திரப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கவுன்சிலிடம் நீங்களே பகுதி ஏயைக் கேட்டு வாங்கலாம். விற்பவர் தருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். கொப்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு நிபந்தனைக்கு எதிரேயும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: இதை யார் செய்வார், எப்போது செய்வார், செய்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி. மூன்றாவதுக்கு விடை இல்லையென்றால் அந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை நடந்து பாருங்கள். பழையவர் பாரை இரண்டு அடி தள்ளிப் போட்டிருப்பார், ஒரு சுவரை எடுத்திருப்பார். வரைபடம் மாறியிருந்தால் நீங்கள் விற்பது அனுமதிக்கப்பட்ட இடத்திலா என்பதே கேள்வியாகிவிடும்.

கமரா விற்றவர் 31 நாள் என்று சொன்னால் நம்பாதீர்கள். முப்பதாம் நாளில் ஒரு மணி நேரத்தைத் தேடி எடுத்து, அதை யூஎஸ்பியில் ஏற்றிப் பாருங்கள். அதை உங்களைத் தவிர இன்னொருவராலும் செய்ய முடிய வேண்டும். என்னிடத்தில் கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பிறர் விண்ணப்பத்தைப் பிரதி எடுப்பது

புதிதாக விண்ணப்பிப்பவர்கள் செய்யும் அதே தவறு இது. நாற்பது இருக்கைகள் கொண்ட சாப்பாட்டுக்கடை ஒன்றுக்கு, இரவு விடுதியொன்றின் விண்ணப்பத்தைப் பார்த்து முகவர் எழுதிக் கொடுத்திருந்தார். "எந்நேரமும் வாசலில் காவலர் இருப்பார்." கவுன்சில் அதை அப்படியே நிபந்தனையாக்கிவிட்டது. செவ்வாய் மத்தியானம் இரண்டு பேர் தோசை சாப்பிடும்போதும் அங்கே காவலர் நிற்க வேண்டும். "எந்நேரமும்" என்ற சொல்லை உங்கள் விண்ணப்பத்தில் எங்கே கண்டாலும் அடித்துவிட்டு, நாளும் மணியும் எழுதுங்கள்.

சத்தத்தை அடக்க நுரைப்பஞ்சு ஒட்டுவது

அயலவர் முறைப்பாடு செய்தவுடன் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நுரைப்பஞ்சுத் தகடுகளை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டுகிறார்கள். அடுத்த வாரமே பிறந்தநாள் விருந்தில் போத்தலின் வாயில் மத்தாப்புக் கொளுத்துகிறார்கள். 2003 பெப்ரவரி 20ஆம் தேதி அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் நடந்தது இதுதான். மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, ஒலிக்காக ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். பலர் வேறு வழிகள் இருந்தும் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி, அங்கே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிக்கிக்கொண்டார்கள்.

சத்தத்துக்கு முதல் மருந்து தாழ்சுருதியைக் குறைப்பது; சுவரைத் துளைத்துக்கொண்டு போவது அதுதான். ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். இரவில் ஜன்னல்களை மூடுங்கள். ஒருமுறை எதிர்வீட்டுப் படுக்கையறையில் நின்று கேளுங்கள். நான் கேட்டேன். என் பப்பில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு எது என்று அங்கே தெரியவில்லை; கட்டிலின் தலைமாடு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

பின்கதவு

டப்ளினில் ஸ்டார்டஸ்ட் நடன விடுதியில் 1981 பெப்ரவரி 14ஆம் தேதி தீப்பிடித்ததில் 48 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளம் பிள்ளைகள். காசு கொடுக்காமல் உள்ளே நுழைபவர்களைத் தடுக்க அவசர வழிகளைப் பூட்டுவதும், பூட்டியதுபோல் சங்கிலியைத் தொங்கவிடுவதும் அங்கே வழக்கமாக இருந்தது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2024இல்தான் வந்தது.

வெற்று பியர் உருளைகளையும் மடக்குக் கதிரைகளையும் பின்வழியில் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கும் வைக்காதீர்கள்.

"இன்னும் ஒன்று மட்டும், தம்பி"

மதுவெறியில் இருப்பவருக்கு மேலும் மது விற்பது குற்றம். அவருக்காக இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். அந்நியர் என்றால் மறுப்பது எளிது. நம் ஆட்களின் ஐம்பதாவது பிறந்தநாளில், உங்கள் அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்த மாமா வந்து நின்று கேட்கும்போதுதான் கை நடுங்கும். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று உங்கள் பணியாளர்கள் நினைப்பார்கள். அந்தச் சுமையை அவர்கள்மேல் போடாதீர்கள். நீங்களே போய்ப் பேசுங்கள். நான் பாருக்கு முன்னால் வந்து, அவர் பக்கத்தில் இருந்து, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "மாமா, இனி நான் ஊற்ற முடியாது. டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன்" என்பேன். ஒருவர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. பரவாயில்லை, அவர் அன்று கார் ஓட்டவில்லை.

மறுப்புப் பதிவேடு

யாருக்கு, எப்போது விற்க மறுத்தோம் என்று எழுதும் பதிவேடு இது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மூன்று மாதப் பதிவுகள். எல்லாம் ஒரே நாளில் எழுதியது என்று கண்டுபிடிக்க அதிகாரிக்கு ஒரு பார்வை போதும். அன்றன்றே எழுதுங்கள்.

வாசல் காவலர்

காவலர்களுக்கு உரிமம் வழங்கும் எஸ்ஐஏ அமைப்பின் அட்டை இலக்கத்தை இணையத்தில் சரிபார்த்த பிறகே ஒருவரை வாசலில் நிறுத்துங்கள். மச்சானின் நண்பன் வேண்டாம்.

ஆண்டுக் கட்டணம்

கட்டாவிட்டால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும்.

டிபிஎஸ் பெயர்

பத்திரத்தில் பொறுப்பாளராகப் பெயர் உள்ளவர் வேலையை விட்டுப் போய்விட்டால், அன்றே மாற்று விண்ணப்பம் போட வேண்டும். பெயர் நீங்கி, அந்த இடத்தில் வேறொருவர் வராதவரை ஒரு பைன்ட் பியர்கூட விற்க முடியாது.

அந்தத் தம்பதியினரின் மின்னஞ்சலை மறுநாள் காலை அவர்களுடைய சமையலறை மேசையில் வைத்துத் திறந்தோம். இணைப்பு 2இல் பதினான்கு நிபந்தனைகள். அந்தப் பெண் கொப்பியில் மூன்று பத்திகள் கோடு போட்டார். தம்பி வாசித்துக்கொண்டே வந்து பதினோராவதில் நின்றுவிட்டார். இரவு 8 மணிக்குப் பிறகு 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வளாகத்தில் இருக்கக் கூடாது. அடுத்த மாதம் ஒரு சனி மாலை, 6 மணி தொடக்கம் நள்ளிரவு வரை, ஒரு சாமத்தியச் சடங்கு விருந்துக்கு அவர்கள் முற்பணம் வாங்கியிருந்தார்கள். அவர் உடனே தொலைபேசியை எடுத்து அந்தப் பிள்ளையின் தகப்பனை அழைத்தார். விருந்து மத்தியானம் 12 மணிக்கு மாறியது.