சுண்ணாம்பு டப்பாவை வைத்து வாய்ப்பாடு படிக்கலாம்

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் படிக்க வருவார்கள். வேதியியல் தொடங்கும் அன்று என் மாமியாரின் சுண்ணாம்பு டப்பாவை நடுவில் வைத்து, "இது தனிமமா, சேர்மமா, கலவையா?" என்று கேட்பேன். ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம். வெவ்வேறு தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்தால் சேர்மம். பிணையாமல், விகிதம் மாறக்கூடியபடி சும்மா கலந்திருந்தால் கலவை. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் வேதி வாய்ப்பாடு: ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள், எத்தனை அணுக்கள் என்று எழுத்தாலும் எண்ணாலும் காட்டுவது.

சுண்ணாம்பின் வாய்ப்பாட்டை வாய்விட்டுப் படியுங்கள்: பெரிய சி, சின்ன ஏ. அப்புறம் அடைப்புக்குறிக்குள் பெரிய ஓ, பெரிய எச். வெளியே, கீழே 2. ஒவ்வொரு பெரிய எழுத்திலும் ஒரு தனிமம் தொடங்குகிறது. ஒட்டி வரும் சின்ன எழுத்து முன்னால் உள்ளதோடு சேர்ந்தது. ஆக கால்சியம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என மூன்று தனிமங்கள். அவை குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்திருப்பதால் இது சேர்மம், பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. வெளியே நிற்கும் 2 அடைப்புக்குள் இருக்கும் இரண்டுக்குமே பொருந்தும்: ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். எண் இல்லாத இடத்தில் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன எழுத்து, பெரிய எழுத்து விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். போன வருடம் ஒரு பையன் வண்டிப் புகையில் வரும் நச்சு வாயுவுக்குப் பெரிய சி, சின்ன ஓ என்று எழுதிவிட்டான். அது கோபால்ட், ஓர் உலோகம். இரண்டும் பெரிய எழுத்தாக இருந்தால்தான் கார்பன் மோனாக்சைடு. பாடம் தெரிந்த பிள்ளை. ஓர் எழுத்தின் அளவில் மதிப்பெண் போனது எனக்கு இன்னும் வருத்தம். அதிலிருந்து எல்லோரையும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன்.

அடுத்து எண்ணைப் பார்த்து ஏமாறுவது. பெரிய ஓ, கீழே 2 என்றால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். கீழே 3 என்றால் ஓசோன். அணுக்கள் இரண்டு மூன்று இருந்தாலும் தனிமம் ஒன்றுதான். மூலக்கூறு, அதாவது அணுக்கள் பிணைந்த தொகுதி என்று சொல்லலாம், சேர்மம் என்று சொல்லக்கூடாது. அணுக்களை அல்ல, தனிமங்களை எண்ணுங்கள். வாய்ப்பாட்டுக்கு முன்னால் பெரிதாக 2 போட்டிருந்தால் அது இரண்டு மூலக்கூறு என்ற கணக்கு, பொருள் மாறாது.

உப்பு பெரிய என், சின்ன ஏ, பெரிய சி, சின்ன எல். சோடியத்துக்கு ஏன் 'என்' என்று கேட்பார்கள். 'நேட்ரியம்' என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. சோடியமும் குளோரினும் சேர்ந்த சேர்மம் இது.

பித்தளைச் சொம்புக்கு இப்படி ஒரே வாய்ப்பாடு கிடையாது. தாமிரமும் துத்தநாகமும் கலக்கும் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பித்தளைதான். அது கலவை. காற்றும் அப்படியே.

சரி, டப்பாவுக்கு வருவோம். கால்சியம் ஹைட்ராக்சைடு சேர்மம்தான். ஆனால் டப்பாவில் இருப்பது அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்தது. தண்ணீரைக் கூட்டலாம், குறைக்கலாம்; ஆகவே அது கலவை. மூடாமல் போட்டுவைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து மெல்ல வேறொரு சேர்மமாகும்: பெரிய சி, சின்ன ஏ, பெரிய சி, பெரிய ஓ, கீழே 3. இதில் எத்தனை தனிமம், எத்தனை அணு என்று நீங்களே எண்ணுங்கள். மூன்று தனிமம், ஐந்து அணு வந்தால் சரி.