போர்க்கால பிரிட்டன் சிவில் டிஃபென்ஸ்: சீருடையைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

இரண்டாம் உலகப் போரில் நடந்த லண்டன் குண்டுவீச்சை வைத்து நாடகமோ கதையோ எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது உடையில்தான். 1940 செப்டம்பரில் தெருவில் நிற்கும் வார்டனுக்கு, அதாவது விமானத் தாக்குதலின்போது மக்களைக் காக்கும் சிவில் டிஃபென்ஸ் பணியாளருக்கு, கருநீலக் கம்பளிச் சீருடையை மாட்டி, மார்பில் மஞ்சளாக ‘சிடி’ (சிவில் டிஃபென்ஸின் சுருக்கம்) என்று போட்டுவிடுவார்கள். அந்த உடை 1941இல்தான் வந்தது. அதற்கு முன் பலருக்குச் சொந்தக் கோட்டு, கைப்பட்டை, இரும்புத் தொப்பி, கோட்டின் காலரில் ஒரு பேட்ஜ், அவ்வளவுதான். கிடைத்தவர்களுக்கு மெல்லிய நீலப் பருத்தி ஓவரால், அதன் மார்பில் சிவப்பு நூலில் ‘ஏஆர்பி’ (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). குளிர்கால இரவுக்கு அது எந்த மூலைக்கு?

அந்த பேட்ஜைக் கையில் எடுத்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆண்களுக்குக் கோட்டுப் பொத்தான் துளையில் செருக அரைவட்டக் கொக்கி, பெண்களுக்கு ஊசி. தொடக்கத்தில் வந்தவை அசல் வெள்ளி. தர முத்திரையும் ஆண்டைக் காட்டும் எழுத்தும் குத்தியிருக்கும். அப்புறம் மலிவான உலோகத்துக்கு மாறிவிட்டார்கள். அதனால் முத்திரை இல்லாத பேட்ஜை உடனே போலி என்று ஒதுக்குவதும் தப்பு.

ஹெல்மெட்டில் ‘டபிள்யூ’ இருந்தால் வார்டன், ‘ஆர்’ இருந்தால் மீட்புப் படை. தலைமை வார்டன்களுக்கு வெள்ளை ஹெல்மெட்டில் கறுப்பு எழுத்து. ஆனால் பழைய இராணுவத் தொப்பியில் இன்று ஒரு ‘டபிள்யூ’ வரைய எவ்வளவு நேரமாகும்? எழுத்தை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

கைமுட்டிக்குக் கீழே தைத்த சின்னச் சிவப்புப் பட்டைகளைப் பதவி என்று படிப்பவர்களும் உண்டு. அவை சேவை செய்த ஆண்டுகளின் கணக்கு. நான்கு பட்டை போட்டவர் சாதாரண வார்டனாகவே இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் ஒரே தேசியப் படை என்று நினைப்பதுதான் பெரிய குழப்பம். கொள்கை வகுத்தது உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம், அதற்குக் கீழே மண்டல ஆணையர்கள். ஆனால் ஆள் சேர்த்து, வார்டன் சாவடிகள் அமைத்து, வேலையை நடத்தியது உள்ளூர் மன்றங்கள். பல ஊர்களில் நகர மன்றச் செயலரே கட்டுப்பாட்டு அதிகாரி. வார்டன்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத பகுதிநேரத் தொண்டர்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவர் பெண். தோள்பட்டையில் ஊர்ப் பெயர் தைத்திருப்பதற்கும் இந்த ஏற்பாடுதான் காரணம். பழைய புகைப்படத்தில் இருப்பவர் யார் என்று தேடுகிறவர்கள் அந்த ஊரின் ஆவணக் காப்பகத்தில் தொடங்குவது நல்லது.

காக்கி அணிந்த ஹோம் கார்டு என்ற உள்நாட்டுக் காவல் படையை இதில் சேர்க்கக் கூடாது. அது இராணுவத்தைச் சேர்ந்தது. பச்சை உடைப் பெண்கள் டபிள்யூவிஎஸ் என்ற பெண்கள் தொண்டுப் படை, 1938இல் தொடங்கிய தனி அமைப்பு. தேசியத் தீயணைப்புப் படையின் சின்னம் 1941 ஆகஸ்டுக்கு முன் கிடையாது. அதுவரை உள்ளூர்த் தீயணைப்புப் படைகளும், அவற்றோடு சேர்ந்த துணைப் படையும்தான்.

கடைசியாக, பேட்ஜ்களில் இருக்கும் கிரீடம். உச்சி நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தால் அது இரண்டாம் எலிசபெத் காலத்தது, போருக்குச் சம்பந்தமில்லை. போருக்குப் பின் 1949 முதல் 1968 வரை இருந்த சிவில் டிஃபென்ஸ் கோர் என்ற தொண்டர் படையின் சாமான்களைத்தான் போர்க்காலப் பொருள் என்று தலையில் கட்டுகிறார்கள். உருண்ட கிரீடம் என்றாலும் நிம்மதி இல்லை: அந்தக் கோரின் முதல் சில ஆண்டுகள் போர்க்கால மன்னரான ஆறாம் ஜார்ஜ் ஆட்சியில்தான் கழிந்தன.