இறங்கும்போது சிரிப்பு, ஏறும்போது அழுகை: கோடையில் பிள்ளைகளோடு மலைநடை

நம் ஊர் மலைச் சுற்றுலாவில் கணக்கு தலைகீழ். வண்டி நம்மை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். நடை அங்கிருந்து கீழ்நோக்கித் தொடங்கும். கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்குப் போவதும் அப்படித்தான், கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் போவதும் அப்படித்தான். பிள்ளைகள் இருக்கிற தெம்பையெல்லாம் இறக்கத்தில் ஓடியே கரைத்துவிடுவார்கள். திரும்பி ஏறத் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும், பாட்டிலில் தண்ணீர் பாதிதான் இருக்கும். "தூக்கு" என்று கை நீள்வது அந்த நேரத்தில்தான். ஆகவே திட்டம் போடும்போது போகும் இடத்தை விட்டுவிட்டு, திரும்பி ஏறும் வழியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

எவ்வளவு தூரம் தாங்கும்

படி ஒன்றுக்கு 15 முதல் 18 செ.மீ. உயரம் வைத்தால் 1000 படி என்பது 150 முதல் 180 மீட்டர் ஏற்றம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். அதை எதிர்கொள்ள முடியுமா என்று தெரிந்துகொள்ளக் கொல்லிமலைவரை போக வேண்டியதில்லை, பக்கத்து மலைக்கோயில் போதும். திருத்தணியில் 365 படி. பிள்ளை யாரும் தூக்காமல், இரண்டே இரண்டு முறை உட்கார்ந்து, மேலே போனதும் விளையாட ஓடினால் தயார் என்று பொருள். மேலே போய்ச் சுருண்டு படுத்துவிட்டால் இந்தக் கோடைக்கு ஆகாய கங்கை வேண்டாம். மேலே ஏறி, அடிவாரத்துக்கு இறங்கி, அதே நாளில் இன்னொரு முறையும் ஏற முடிகிற பிள்ளையை நம்பி அழைத்துப் போகலாம்.

வயதுக்கு ஏற்ற அளவு, தோராயமாக இப்படி:

4 முதல் 6 வயது: போக வர மொத்தம் 2 முதல் 3 கி.மீ., ஏற்றம் 100 மீட்டருக்குள்.
7 முதல் 9 வயது: 4 முதல் 6 கி.மீ., ஏற்றம் 200 மீட்டர்.
10 வயதுக்கு மேல்: 8 கி.மீ. வரை, ஏற்றம் 400 மீட்டர்.

நான்கு வயதுக்குக் கீழே என்றால் கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் போதும். ஒரு கிலோமீட்டர், பாவிய பாதை. ஏரியைச் சுற்றி வருவது 5 கி.மீ. சமதளம். பெரிய பிள்ளைகளுக்கு முதல் நாள் மாலை காலைப் பழக்க அது நல்ல வழி.

நேரத்தைக் கணிக்க மலையேறுபவர்களிடம் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது திடமான பெரியவர்களுக்கு. பிள்ளைகள் கூட வந்தால் விடையை இரட்டியுங்கள். 4 கி.மீ. தூரம், 200 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 20 நிமிடமும் சேர்ந்து 68 நிமிடம். இரட்டித்தால் இரண்டே கால் மணி. ஓய்வுக்கு அரை மணி சேருங்கள்.

இறக்கத்தில் தொடங்கும் பாதைக்கு மூன்றில் ஒரு பங்கு விதி பொருந்தும். கையில் மூன்று மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இறங்கியதும் திரும்பிவிட வேண்டும். அருவிச் சத்தம் கேட்கிறது, இன்னும் கொஞ்சம்தான் என்று இழுப்பதுதான் பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம். மூட்டு வலி உள்ள தாத்தா பாட்டியை மேலேயே நிழலில் உட்கார வையுங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் வலிக்கும்.

எந்த மாதம், எந்த நேரம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை புல் காய்ந்து கிடக்கும் காலம், காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகே நடைபாதைகளுக்கான விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு எளிது மட்டும் போதும். தீக்காலத்தில் இவற்றை மூடிவிடுவதால் பதிவுப் பக்கத்தைப் பார்த்த பிறகு பயணச்சீட்டு போடுங்கள். வயது நிபந்தனைகளும் அங்கேயே இருக்கும்.

புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள். தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால் சரிவில் நெருப்பு ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடாகாது. காய்ந்த புல் சரிவை விட்டு விலகிப் பக்கவாட்டில், கீழ்நோக்கிப் போக வேண்டும்.

கோடை மழை இரண்டொன்று பெய்த பிறகு, மே மாதம் நல்ல காலம். ஆனால் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கிப் பதினொன்றுக்குள் மேலே வந்துவிடுவது கணக்கு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணி முடிக்க முடியவில்லையென்றால் மின்னல் பக்கத்தில் இருக்கிறது. பாறை முனையையும் தனி மரத்தையும் விட்டு விலகுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் நடையைத் தொடர வேண்டும்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் பிள்ளைகளின் பொறுமையில் பாதியைத் தின்றுவிடும்.

கொண்டை ஊசி வளைவுகள்

கொல்லிமலைக்கு 70 வளைவு. வெறும் வயிறும் வாந்தியைத் தூண்டும், நிறைந்த வயிறும் தூண்டும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சரியான அளவு. பாலும் பூரியும் வேண்டாம். கைபேசியைப் பிடுங்கி வைத்து, முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை என்றால் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, வளைவு தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. இந்த மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுக்கும். அரைத் தூக்கத்தில் படி இறங்கும் பிள்ளை விழும். எனவே வண்டியில் மலையேறும் நாளும் நடக்கும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது.

காலும் உடையும்

புது ஷூ வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே வாங்கி, பள்ளிக்கும் கடைக்கும் போட்டுப் பழக்குங்கள். சாக்ஸ் போட்டு நின்றால் விரல் நுனிக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி நகம் முட்டும். மறுநாள் நகம் கறுத்துப்போவது இதனால்தான். முந்தைய நாளே கால்நகங்களை வெட்டுங்கள். இறங்குவதற்கு முன் கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்குங்கள், ஏறும்போது ஒரு சுற்று தளர்த்துங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் மட்டுமல்ல, காய்ந்த பைன் ஊசி இலைகள்மேலும் வழுக்கும். கொடைக்கானல் பைன் காட்டில் விழுபவர்கள் பெரும்பாலும் ஈரத்தில் விழுவதில்லை.

சட்டை ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும்; பச்சையும் காக்கியும் காட்டில் கண்ணுக்குத் தெரியாது. முழுக்கால் பேன்ட், அதைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டால் அட்டைக்கும் உண்ணிக்கும் பாதி வழி அடைபட்டுவிடும். உயரம் கூடக்கூடக் குளிர்ச்சியாக இருந்தாலும் புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். குளிரில் வெயில் உறைக்காது, கன்னம் மட்டும் கருகும். தொப்பி கட்டாயம். மே மாதத்திலும் கொடைக்கானல் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

தண்ணீர், சோறு

நான்கு மணி நேர நடைக்குப் பிள்ளைக்கு ஒரு லிட்டர், பெரியவருக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். இறங்கி முடிக்கும்போது அதில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும். தாகம் எடுத்தால் குடி என்று விடாதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நான்கைந்து மடக்கு. மலைகளில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டுச் சில்வர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண் அளவில் போடக் கூடாது, கூடினால் தீங்கு.

சாப்பாட்டில் புளிசாதம் முதல் இடம்: நல்லெண்ணெய் தாராளமாக விட்டு முந்தைய இரவே கிளறலாம். பொடி தடவிய இட்லியும் தாங்கும். தேங்காய் சாதமும் சட்டினியும் மதியத்துக்குள் ஊசிப்போகும். தயிர்சாதத்துக்குத் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்ட வேண்டும். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, இரண்டு டம்ளர் காய்ச்சி ஆறிய பால், இரண்டு தேக்கரண்டி தயிர் என்று காலை ஆறு மணிக்குப் பிசைந்தால் சமவெளியில் மதியம் பதமாக இருக்கும். மலைக் குளிரில் உறைவது தாமதம். அங்கே தயிரை இரண்டு மடங்காக்குங்கள். கடலைமிட்டாய், பேரீச்சை, பொரிகடலை மூன்றையும் ஏற்றத்துக்கென்று தனியே கட்டி, இறக்கத்தில் கண்ணில் காட்டாமல் வையுங்கள். நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது, குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நல்ல மருந்து.

சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். தாகத்தைக் கூட்டும், அதோடு அந்தச் சரசரப்புக் குரங்குகளுக்கு அழைப்பு மணி. குரங்கு பாய்ந்து பிடித்தால் பாக்கெட்டை விட்டுவிடச் சொல்லிப் பழக்குங்கள். இழுத்துப் பிடிக்கும் கைதான் கடிபடும்.

நடக்கும் முறை

இறங்கும்போது பெரியவர் முன்னால், ஏறும்போது பின்னால். அதாவது எப்போதும் பிள்ளைக்குக் கீழ்ப்பக்கம் ஒருவர். பள்ளம் ஒருபுறம் இருந்தால் பிள்ளை மலைப்பக்கம். மெதுவாக நடக்கிற பிள்ளையை முன்னால் விட்டு அதன் வேகத்தில் எல்லோரும் போக வேண்டும். கடைசியில் விட்டால், மற்றவர்கள் நின்று ஓய்வெடுத்துக் கிளம்பும் நேரத்தில்தான் அது வந்து சேரும். ஓய்வே கிடைக்காது.

ஓட்டத்தைத் தடுக்க "ஓடாதே" என்று கத்துவது பலிக்காது. இறக்கத்தில் ஒரு வேலை கொடுங்கள்: ஒவ்வொரு நூறு படிக்கும் ஒரு கல் பைக்குள் போட வேண்டும், ஏறும்போது நூறுக்கு ஒன்றாகக் கீழே வைத்துவர வேண்டும். இறங்கும் கால் நிதானப்படும். ஏறும்போது எவ்வளவு மிச்சம் என்பது கைக்கே தெரியும். விடுகதை போடுங்கள், விடையை அடுத்த வளைவில் சொல்லுங்கள். "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்குக் கிலோமீட்டரில் பதில் சொல்லாமல் கண்ணில் தெரியும் அடுத்த மரத்தைக் காட்டுங்கள். பொய் மட்டும் சொல்லக் கூடாது. "இதோ வந்தாச்சு" இரண்டாம் முறை எடுபடாது.

ஏற்றத்தில் இருபது நிமிடம் நடை, ஐந்து நிமிடம் உட்கார்தல். முகம் சிவந்து, பேச்சு நின்று, வியர்வை குறைந்தால் நிழலில் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து விசிறுங்கள். குழம்பிய பேச்சோ வாந்தியோ இருந்தால் நடை முடிந்தது. 108-ஐ அழைக்க வேண்டிய நிலை.

டால்பின் நோஸ் போன்ற பாறை விளிம்புகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி. படம் எடுப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆளுக்கொரு விசில் கழுத்தில் இருக்கட்டும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மும்மூன்றாக ஊத வேண்டும் என்பதை வீட்டு மாடியிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். தேடிக்கொண்டு நடக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். காலையில் உடுத்திய உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கடிப்பவை

அட்டை ஏறினால் பிய்க்காதீர்கள். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். பிறகும் ரத்தம் வரும், உறைவதைத் தடுக்கும் பொருளை அது விட்டுவிட்டுப் போவதால். அழுத்திப் பிடித்து பிளாஸ்டர் போட்டால் போதும். பாறை முகட்டில் மலைத்தேன் கூடு தொங்கினால் கல்லெறியும் பிள்ளையின் கையை முதலில் பிடியுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த உறுப்பை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காட்டுமாடு சாலையில் நின்றால் ஹாரன் அடித்து விரட்டாமல் அது போகும்வரை காத்திருங்கள்.

அறைக்கு வந்ததும் குளிக்க வைத்து, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். போட்டிருந்த துணியைத் தனியே கட்டி வெந்நீரில் துவையுங்கள். திரும்பி வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம். பொருக்கு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் மலைக்குப் போய்வந்ததையும் தேதியையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.