ஊசி போட்டுக்கொள்ளக் கூடாத நாள்

ஒவ்வாமை ஆஸ்துமாவுக்குத் தடுப்பூசி முறையில் சிகிச்சை தொடங்கப் போகிறீர்களா? நான்கு வருடம் போட்டுக்கொண்டவள் நான். எந்த நாளில் ஊசி வேண்டாம் என்று தெரிந்துகொள்வதுதான் இதில் நம் பங்கு.

முதலில், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது உறுதியாக வேண்டும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு, செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் வர வேண்டிய தடிப்பு வராமல் போகும். எனக்கு வந்த தடிப்பு, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்கு. படுக்கையை உதறினாலே ஏன் இளைத்தது என்று அன்றுதான் புரிந்தது. தடிப்பும் தொந்தரவும் இப்படிப் பொருந்தி வந்தால்தான் ஊசியால் பயன் உண்டு.

ஒத்துக்கொள்ளாத பொருளின் சாற்றையே துளித்துளியாகக் கூட்டி உடலுக்குப் பழக்குகிறார்கள். 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தை வைத்துச் செய்ததும் இதுதான். முதல் சில மாதங்கள் வாரம் ஒரு ஊசி, அப்புறம் மாதம் ஒன்று. மொத்தம் 3 முதல் 5 ஆண்டுகள்.

ஏழாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். முந்தைய இரவு இளைப்பு வந்து இரண்டு முறை இன்ஹேலர் இழுத்திருந்தேன். சொன்னால் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று நர்ஸிடம் மறைத்துவிட்டேன். ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது, தொண்டை இறுகியது. தொடையில் அட்ரினலின் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். மூச்சுக்குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கும்போது ஊசி போட்டால் ஆபத்து பல மடங்கு.

அதனால் ஊசி நாளன்று காலையில் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சின்னக் கருவி) ஊதி, எண்ணை நோட்டில் எழுதுங்கள். என் மருத்துவர் எனக்கு வைத்த எல்லை, என்னுடைய நல்ல அளவில் 80 சதவீதம். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். அதற்குக் கீழே போனாலோ, காய்ச்சல், இளைப்பு இருந்தாலோ போன் செய்து தள்ளிப்போடுங்கள். நடுவில் வாரங்கள் விட்டுப்போனால் அதையும் சொல்லுங்கள், அளவைக் குறைத்துப் போடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ கண் அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவசரத்தில் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

ஊசிக்குப் பிறகு 30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் சரி. ஊசி போட்ட இடம் வீங்கி அரிப்பது சகஜம், ஐஸ் ஒத்தடம் போதும். ஆனால் இருமல், உடலில் தடிப்பு, தலைசுற்றல் என்றால் உடனே குரல் கொடுங்கள். அன்று ஓட்டம், கடும் உடற்பயிற்சி வேண்டாம்.

தினசரி இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்கு ஒரு வருடம் நெருங்கும்போதுதான் இரவில் விழிப்பது குறைந்தது. இன்ஹேலர் அளவை மருத்துவர் குறைத்தது அதற்கும் ஆறு மாதம் கழித்து, நோட்டில் இருந்த எண்களைப் பார்த்த பிறகுதான்.